படிக்கட்டுப் பலகை

கண்ணை மூடி உட்காரக் கற்றுக்கொண்டவர்கள் கண்ணைத் திறந்ததும் செய்த முதல் காரியம் அடித்துக்கொண்டதுதான். யாரோ சொல்லிக் கேட்டு இதை எழுதவில்லை. அந்தக் கூட்டத்துக்கு மூன்று வருடம் எழுத்துவேலை பார்த்தவன் நான். போன மாதம்கூட இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாக என் வீட்டுக்கு வந்தார்கள். அந்தக் காலத்து ஆட்களின் பிள்ளைகள். சாமியின் அருள்வாக்கைப் புத்தகமாகப் போடப்போகிறோம், உங்களிடம் இருக்கிற நோட்டைக் கொடுங்கள் என்றது ஒரு கட்சி. சாமியாரின் பித்தலாட்டத்தைப் புத்தகமாகப் போடப்போகிறோம், அதே நோட்டைக் கொடுங்கள் என்றது இன்னொரு கட்சி. கறையான் தின்றுவிட்டது என்று இருவருக்கும் சொன்னேன். கறையானைத் திட்டிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கறையான் தின்னவில்லை. நான்தான் அடுப்பில் போட்டேன். ஏன் போட்டேன் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இங்கே சொல்கிறேன்.

ஜப்பான்காரன் மலாயாவை விட்டுப் போன மறுவருடம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர் சாமி. காவி கட்டமாட்டார், வெள்ளை வேட்டிதான். ஜடையும் கிடையாது, தாடியும் கிடையாது. மலாக்கா பக்கத்தில் அலோர் காஜா டவுனில் ஒரு மளிகைக் கடை முதலாளி தன் கடையின் மாடியை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே உட்காருவோம். கண்ணை மூடு, மூச்சைப் பார். அவ்வளவுதான் அவர் போதனை. கேள்வி கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு ஆளுக்கொரு அர்த்தம் பண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

அவர் வாய் திறந்து கறாராகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அது தியானத்தைப் பற்றியது அல்ல, சோற்றைப் பற்றியது. தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போடு. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியில் முடிந்து கொண்டுவந்து விளக்கின் முன்னால் வை. எல்லார் அரிசியும் ஒரே பானையில் வேகட்டும். எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிடியரிசி நம் ஆட்களுக்குப் புதிதல்ல; எத்தனையோ வீடுகளில் அந்த வழக்கம் இருந்தது. அந்த ஒரே வரிசைதான் புதிது.

தியானத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் டவுன்காரர்கள். கடை முதலாளிகள், ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிகள், யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள். மீதிப் பேர் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரம் சீவுகிறவர்கள். அவர்களில் பெண்களே அதிகம். காலையில் லாரி பிடித்து வருவார்கள். வாரம் முழுக்க வெட்டுமரத்துக்கு நடுவே தனித்தனியாக நின்றவர்களுக்கு லாரி ஏறியதும் வாய் திறந்துவிடும். மாடிப்படி ஏறும் வரை பேச்சும் சிரிப்பும் ஓயாது. மேலே, மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்களின் முகம் சுளிக்கும். பந்தியில் அவர்கள் பக்கத்தில் உட்காரும்போது இன்னும் சுளிக்கும். ரப்பர் பால் நாற்றம் போகவே இல்லை என்று இலைக்கு மேல் மெதுவாகச் சொல்லிக்கொள்வார்கள். எல்லாம் ஒன்று என்று அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் உணர்ந்து எழுந்தவர்கள் இவர்கள்.

நானும் ஒரு தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன்தான். பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்து இங்கிலீஷ் படித்து, மலாக்கா டவுனில் ஒரு லாயர் ஆபீசில் டைப் அடிக்கும் வேலைக்குப் போய், சட்டைக்கு இஸ்திரி போடப் பழகியிருந்தேன். பந்தியில் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள்.

சாமி சொல்வதைக் குறித்துக்கொள்வது என் வேலை. நோட்டில் எழுதுவேன். அதிலிருந்து ஒரு வரியை எடுத்து, மாடிப்படிக்குக் கீழே மாட்டியிருந்த கரும்பலகையில் வாரா வாரம் சுண்ணக்கட்டியால் எழுதுவேன். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு வாசித்தும் காட்டுவேன். ஒரு வாரம் அந்தப் பலகையில் புதிய சட்டம் ஒன்று ஏறியது: பிடியரிசியை முடிந்த நேரத்திலிருந்து விளக்கின் முன்னால் வைக்கும் வரை வாய் திறக்கலாகாது. அந்த ஞாயிறு முதல் லாரியில் வந்த பெண்கள் பேசாமல் இறங்கினார்கள், பேசாமல் படியேறினார்கள். அரிசியை வைத்த பிறகுதான் பேசினார்கள். பெரியவர்களுக்குப் பரம சந்தோஷம். சாமியின் சட்டங்களிலேயே இதுதான் உத்தமமானது என்றார்கள்.

காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் வந்தது. தோட்டத்துத் துரைமார் சுடப்பட்ட செய்திகள் வர ஆரம்பித்தன. சாமி ஒருநாள் கோலா சுங்கை பாருவில் கடலோரமாகப் பத்து நாள் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று போனார். போனவர் போனவர்தான். கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறியதைப் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். ஒரு கடுதாசி கிடையாது.

அன்று பிளந்த கூட்டம் பிறகு ஒட்டவே இல்லை. ஒரு கட்சிக்குத் தலைவர் மளிகைக் கடை முதலாளி. சாமியாருக்கு மூன்று வருடம் இடம் கொடுத்து, சோறு போட்டு, காலில் விழுந்தவர். சொல்லாமல் கம்பி நீட்டிவிட்டார் என்ற ஆத்திரம் அவருக்கு. மாடியைப் பூட்டி, மிளகாய் மூட்டை அடுக்கினார். சாமியார் ஒரு போலி, நாமெல்லாம் காதில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். இன்னொரு கட்சிக்குத் தலைவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். அரசாங்க ஆபீசில் பெரிய கிராணியாக இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார். சாமி போகவில்லை, மறைந்து நின்று நம்மைச் சோதிக்கிறார் என்பது அவர் கட்சி. டவுனுக்கு ஓரத்தில் இருந்த தன் வீட்டு ஹாலில் விளக்கேற்றி, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை அவர் தொடர்ந்து நடத்தினார்.

இவர்கள் எதற்கெல்லாம் சண்டை போட்டார்கள் என்று எழுதினால் சிரிப்பு வரும். சாமிக்கு நெத்திலிக் கருவாடு பிடிக்கும். கோலா சுங்கை பாருவிலிருந்து வருகிற கருவாட்டை வறுத்துக் கொடுத்தால் ஒதுக்காமல் சாப்பிடுவார். முதலாளி இதைப் பித்தலாட்டத்துக்கு அத்தாட்சியாக வைத்தார். கருவாட்டைக் கொடுத்ததே அவர் கடைதான் என்பதை மறந்துவிட்டார். நம்முடைய ஆசாரப் பெருமையை உடைக்கத்தான் சாமி கருவாடு தின்றார், அவர் நாக்கில் அதற்கு ருசியே கிடையாது என்று பெரியவர் விளக்கம் கொடுத்தார். ஒரு கருவாட்டுக்காக இரண்டு வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை அந்தப் பலகைச் சட்டத்துக்குத்தான். வாய் திறக்கலாகாது என்றால் உதட்டையா, உள்மனத்தையா? பெரியவர் இதற்கு எட்டு ஞாயிறு விளக்கம் சொன்னார். அரிசி என்பது ஆன்மா, துணி என்பது உடம்பு, விளக்கு என்பது ஞானம் என்றெல்லாம் போனது அது. பெண்களின் வாயைக் கட்டி அடிமையாக்கத் தெரிந்த சாமியார் என்றார் முதலாளி. படியில் சத்தம் தாங்கவில்லை என்று முன்பு என்னிடம் முதலில் முறையிட்டவர்களே இந்த இருவரும்தான். இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இருவருக்குமே நான் தேவைப்பட்டேன், நோட்டு என்னிடம் இருந்ததால். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு அரிசிக்கே சட்டம் வந்தது. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். அரிசி ரேஷன். வேலைக்குப் போகிறவர்கள் சோற்றுச் சட்டிகூடக் கொண்டுபோகக்கூடாது. வாசலில் சோதனை. ஒரு பிடி அரிசி கம்பி வேலியைத் தாண்டினாலும் குற்றம். அந்த வழக்குகளுக்கான மனுக்களைத்தான் எங்கள் ஆபீசில் நான் தினமும் டைப் அடித்தேன். விசாரணை கிடையாது, உள்ளே போட்டுவிடுவார்கள், இந்த நாட்டுப் பிரஜை இல்லையென்றால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

பெரியவருக்கும் தெரியும். தினசரி பேப்பர் படிக்கிறவர். ஆனால் பிடியரிசியை நிறுத்துங்கள் என்று அவர் வாயால் சொல்லவில்லை. சாமியின் சட்டத்தை மாற்ற நான் ஆர் என்றார். டவுன்காரர்கள் கடையில் வாங்கி எடுத்துவந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஒரே ஒருத்தி மட்டும் நிற்கவில்லை.

அவளை நாங்கள் எல்லாரும் அக்கா என்போம். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் சயாமில் ஜப்பான்காரனின் ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாதவன். ஒரே மகள், கட்டிக்கொடுத்து அதே லயத்தில் நாலு வீடு தள்ளி இருந்தாள், அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. அக்கா குழந்தையாக இருக்கும்போது இங்கே வந்தவள். ஊரில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. சாமி இருந்த நாளில் அந்தப் படிக்கட்டில் உரக்கச் சிரித்தவள் அவள்தான். யார் எப்படி நடப்பார்கள் என்று நடந்து காட்டுவாள். நான் பலகையை வாசித்துக் காட்டும்போது முன்னால் நின்று, ஒரு தடவை கேட்டதைத் திருப்பிச் சொல்வாள்.

சட்டம் வந்த பிறகும் வாரா வாரம் ரேஷன் அரிசியில் ஒரு பிடி எடுத்து முடிந்து, மடியில் செருகிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற காவலாளிகள் பெண்களின் மடியைத் தொட்டுப் பார்க்கவில்லை, அதனால் தப்பினாள். ஒரு ஞாயிறு அங்கே சோதனைக்கு ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். முடிச்சு வெளியே வந்தது. யாருக்கு இது என்று கேட்டார்கள். அக்கா பதில் சொல்லவில்லை. எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டார்கள். அதற்கும் பதில் இல்லை. அரிசியைத் துணியில் முடிந்தாகிவிட்டது, விளக்கின் முன்னால் இன்னும் வைக்கவில்லை. இடையில் வாய் திறக்கலாகாது.

அவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் லோக்கப்பில் போட்டார்கள். அரிசி முடிச்சை அத்தாட்சியாக ஸ்டேஷன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அரிசி அலமாரியில் இருக்கிறது. விளக்கின் முன்னால் வைக்கப்படவில்லை. ஆகவே அக்கா முதல் நாளும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சாதாரணப் பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள், இவள் நன்றாகப் பழக்கப்பட்டவள், காட்டில் பெரிய ஆளோடு தொடர்பு இருக்கிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. நாடு கடத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார்கள்.

மூன்றாம் நாள் மகள் என் வீட்டுக்கு வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, அம்மா என்னையப் பாத்தும் பேசல. கையால இப்பிடிக் காட்டுது." உள்ளங்கையைக் குவித்து, எதையோ தரையில் வைப்பது போல் காட்டினாள். "அரிசிய வச்சாத்தான் பேசுமாம். ஸ்டேஷன் மாத்தாக்காரனுக்கு இது எப்படிப் புரியும்? பலகையில எழுதுனவரு நீங்கதானே. நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க."

பார்க்கலாம் என்றேன். ஆபீசில் இருந்தே பழகிய வார்த்தை அது. செய்யப்போவதில்லை என்பதை மரியாதையாகச் சொல்ல அதைவிட நல்ல வார்த்தை கிடையாது.

அவளை அனுப்பிவிட்டுப் பெரியவரிடம் போனேன். அரிசி அவர் வீட்டு விளக்குக்குத்தான் வந்துகொண்டிருந்தது, அவர் போய்ச் சொன்னால் அன்றைக்கே விட்டுவிடுவார்கள். பெரியவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்தபோது அதில் நீர் நின்றது. நான் ஏமாந்துவிட்டேன், இரங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்த மனுசி எங்களை எல்லாரையும் தாண்டிப் போயிட்டா," என்றார். "இது லேசுப்பட்ட மௌனமில்லை. அதைக் குழப்ப நாங்கள் ஆர்? பொலிசிலை சாமியின்ரை பேரைப் பதிஞ்சால் பிறகு அதுக்கு என்ன மரியாதை, சொல்லும் பாப்பம்."

பென்ஷனைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த அளவுக்குப் பண்பட்டவர்.

முதலாளி இந்த விஷயத்தில் மேல். மூடி மறைக்கத் தெரியாது. "தம்பி, ரேஷன் அரிசி விக்க லைசன்ஸ் வச்சிருக்கேன். என் மாடியில அரிசி சேத்தாங்கன்னு நானே போய்ச் சொல்லவா? நாளைக்கே கடைக்குப் பூட்டுதான். அந்தச் சாமியாரு பண்ணுன கூத்துக்கு நான் என்ன செய்ய முடியும் லா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்தக் கதை நம்ம கட்சிக்கு நல்லா உதவும், அந்த அம்மா விஷயத்தை எழுதிக் கொடு, கூட்டத்தில் வாசிக்கலாம் என்றார்.

கூட்டம் என்று அவர் சொன்னது சும்மா இல்லை. அக்கா உள்ளே போனதும் இரண்டு கட்சிக்கும் உயிர் வந்துவிட்டது. பெரியவர் வீட்டில் மௌனத்தின் மகிமை என்று ஒரு கூட்டம். முதலாளியின் மாடியில், மிளகாய் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, சாமியாரின் கொடுமைகள் என்று ஒரு கூட்டம். அவசரகாலத்தில் நாலு பேர் சேர்ந்து உட்கார போலீஸ் அனுமதி வேண்டும். இருவருக்கும் அனுமதி மனு டைப் அடித்துக் கொடுத்தவன் நான்தான். இருவரும் சட்டை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு நாள், அதே ஸ்டேஷனுக்குப் போய், மனுவைக் கொடுத்து, முத்திரை வாங்கி வந்தார்கள். அவர்கள் நின்ற மேஜையிலிருந்து லோக்கப் கம்பி தெரியும். முதலாளி என்னிடம் வந்து, பாவம், ரொம்ப இளைத்துவிட்டாள் என்றார். கண்ணால் பார்த்துவிட்டு வந்த ஆள் சொல்கிறார் இதை.

இரண்டு கூட்டத்துக்கும் போனேன். ஒன்றில் அக்கா ஞானி, இன்னொன்றில் அக்கா பைத்தியம். இரண்டிலும் கைதட்டினார்கள். முதலாளி மாடியில் கூட்டம் முடியும்போது மகள் படியேறி வந்து பின்னால் நின்றாள். என் அம்மா அரிசி கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள் யாராவது ஒருவர் என்னோடு ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்று கேட்டாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கண்ணை மூட மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் கூட்டத்தின் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம் அவளுக்குப் பிரசவ வலி கண்டது. தாய் பக்கத்தில் இல்லாமல், லயத்து வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாவது வாரம் எங்கள் ஆபீசுக்கு வந்த காகிதங்களில், அடுத்த கப்பலில் அனுப்பப்படப்போகிறவர்கள் பற்றிப் பேச்சு இருந்தது. பாதி அடித்த காகிதத்தை டைப்ரைட்டரிலிருந்து உருவி வைத்தேன்.

இனிமேல் மறைத்துப் பயனில்லை. அந்தச் சட்டத்தைச் சாமி சொல்லவில்லை. நான் எழுதியது.

படியில் பெண்கள் சத்தம் போடுகிறார்கள், சாமியிடம் சொல்லி ஒரு ஏற்பாடு செய் என்று பெரியவரும் முதலாளியும் என்னிடம் சொன்னார்கள். அப்போது அவர்கள் இருவரும் ஒரே வெற்றிலைப் பெட்டியில் கைவைக்கிற சிநேகிதர்கள். சாமியிடம் போய்க் கேட்டால் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அந்தச் சத்தம் பிடிக்கும் என்றுகூட இப்போது தோன்றுகிறது. அது வரும் வரை அவர் கண்ணை மூடமாட்டார். நான் கேட்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்து நானே எழுதினேன், நோட்டிலும் ஏற்றினேன். சாமி மாடியை விட்டு இறங்குவது அபூர்வம், பலகையை நின்று படித்ததே இல்லை. அரிசியையும் வாயையும் சேர்த்து முடிச்சுப் போட்டது என் சாமர்த்தியம். நன்றாக அமைந்த வாக்கியம் என்று அன்றைக்கு எனக்கே பெருமையாக இருந்தது. அதற்குப் பெரியவர் எட்டு ஞாயிறு விளக்கம் சொன்னபோது உள்ளுக்குள் சிரித்தேன். அவர்கள் எல்லாரையும் இளக்காரமாகப் பார்க்க எனக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. அக்கா லோக்கப்பில் இருந்த ஐந்து வாரமும் நான் போகாததற்குப் பென்ஷனும் காரணமில்லை, லைசன்சும் காரணமில்லை. உண்மையைச் சொன்னால் நோட்டுக்கும் எனக்கும் இருக்கிற மதிப்புப் போய்விடும். அவ்வளவு சின்ன விஷயத்துக்காக.

அன்று மத்தியானம் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஸ்டேஷனில் இருந்தவர் ஒரு மலாய் இன்ஸ்பெக்டர். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேஜை டிராயரிலிருந்து இரண்டு மனுக்களை எடுத்துப் போட்டார், பெரியவருடையதும் முதலாளியுடையதும். இரண்டிலும் ஒரே எழுத்து கொஞ்சம் மேலே தூக்கி விழுந்திருந்தது. ஒரே மெஷினில் அடித்ததா என்று கேட்டார். ஆமாம், நான்தான் அடித்தேன் என்றேன். அப்படியானால் இந்த மாதத்தில் இரண்டு தடவை இந்த ஸ்டேஷனுக்கு மனு எழுத உனக்கு நேரம் இருந்திருக்கிறது என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு அலமாரியைத் திறந்து முடிச்சை எடுத்துக்கொண்டு என்னை உள்ளே கூட்டிப்போனார்.

அக்கா சுவரோடு உட்கார்ந்திருந்தாள். முடிச்சைப் பார்த்ததும் எழுந்து வந்து கம்பியைப் பிடித்தாள். கை நீட்டி, வை, வை என்று சைகை காட்டினாள். அதை விளக்கின் முன்னால் வைக்கத்தான் நான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"அக்கா, அந்தச் சட்டம் சாமி சொன்னதில்ல," என்றேன். "நான் எழுதுனது. படியில சத்தமா இருக்குன்னு பெரியவங்க சொன்னாங்க. அதுக்காக நானா எழுதுனேன். நீங்க பேசலாம்."

கை நீட்டியபடியே நின்றாள். ஐந்து வாரம் பேசாத தொண்டை. முதலில் காற்றுதான் வந்தது.

"சத்தம்னா? எங்க பேச்சா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் என்னை விட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். தோட்டத்தில் பழகிய மலாயில், அரிசி யாருடையது, எங்கே போனது, எத்தனை வருடமாகப் போகிறது, யார் யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பெரியவர் பெயரையும் முதலாளி பெயரையும் வீட்டு அடையாளத்தோடு சொன்னாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் அவளை விட்டுவிட்டார்கள். குழந்தையைப் பார்த்தபோது அதற்குப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

பெரியவரையும் முதலாளியையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்கள். பென்ஷனும் போகவில்லை, லைசன்சும் போகவில்லை. வந்த ஆத்திரத்தை என் மேல் காட்டினார்கள். இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. உம்முடைய கையைப் பிடிச்சு எழுத வைச்சதே சாமிதான், அது உமக்கு விளங்காது என்றார் பெரியவர். சாமியாரைக் காப்பாத்த நீ பழியைத் தலையில போட்டுக்கிற, அவன்கிட்ட என்ன வாங்குன என்றார் முதலாளி. சாமி போன பிறகு இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம், என்னைச் சேர்க்கக்கூடாது என்பதுதான். அந்த வரிக்கு இன்றைக்கும் இரண்டு விளக்கம் இருக்கிறது. பிள்ளைகள் புத்தகம் போடப்போகிறார்கள். போடட்டும். நோட்டு, நான் ஸ்டேஷனிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே அடுப்புக்குப் போய்விட்டது.

அக்கா அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் இருந்தாள். தோட்டத்தை விட்டு மகளோடு புக்கிட் ரம்பாய் பக்கம் வந்து குடியேறினாள். பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், கோயிலில் பார்த்திருக்கிறேன். சுற்றி நாலு பேர் இருப்பார்கள், பேச்சும் சிரிப்பும் தூரத்திலேயே கேட்கும். யார் எப்படி நடப்பார்கள் என்று அப்போதும் நடந்து காட்டுவாள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். திட்டியதில்லை, முகத்தைத் திருப்பியதும் இல்லை. என்னிடம் மட்டும் பேசமாட்டாள்.

லோக்கப்பில் இருந்தபோது பிறந்த அந்தப் பேத்திக்குக் கல்யாணம் வந்தது. மகள் நேரில் வந்து பத்திரிகை வைத்து, கட்டாயம் வரணும் அண்ணே என்றாள். போனேன். பந்தியில் உட்கார்ந்தேன். அக்கா சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தாள், எழுபது வயதில். ஒவ்வொரு இலையிலும் போட்டுவிட்டு, போதுமா, இன்னும் கொஞ்சம் போடவா, என்ன இவ்வளவு கொஞ்சமா சாப்பிடுற என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு இடதுபக்கம் இருந்தவரிடம் கேட்டாள். என் இலைக்கு வந்தாள். ஒரு கரண்டி போட்டாள், இன்னொன்று போட்டாள், இன்னொன்றும் போட்டாள். போதுமா என்று கேட்கவில்லை. அவள் கேட்காமல் போதும் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. எனக்கு வலதுபக்கம் இருந்தவரிடம், உனக்கு எவ்வளவு போடட்டும்பா என்று கேட்டுக்கொண்டே நகர்ந்தாள்.

இலையில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.